பாலை நிறுத்திய பிறகு கால்சியம் எங்கிருந்து வந்தது?

பாலை நிறுத்தப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “அப்போ கால்சியத்துக்கு என்ன பண்ணுவே?” கேட்ட கையோடு பதிலையும் சொல்லிவிட்டார்கள். கீரை சாப்பிடு, எள் சாப்பிடு, பாதாம் சாப்பிடு. எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பால் இல்லாத சாப்பாட்டில் சிக்கலே அந்த ‘எவ்வளவு’தான். கால்சியம் உள்ள உணவுகளின் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். அதில் எது உடம்பில் சேரும், எதை நாம் நிஜமாகவே தினமும் சாப்பிடுவோம் என்பது அந்தப் பட்டியலில் இருக்காது.

நான் பாலை விட்டது கொள்கைக்காக அல்ல. கைக்குழந்தையின் மலத்தில் ரத்தக் கீற்றுகள் தெரிந்தன. பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார் குழந்தை மருத்துவர். “தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. நீங்க பால் சாப்பிடுறதை நிறுத்துங்க” என்றார். அம்மா சாப்பிடும் பாலின் புரதம் மிகச் சிறிய அளவில் தாய்ப்பாலுக்குள்ளும் வந்துவிடுகிறது. அதுவே சில குழந்தைகளின் குடலுக்குப் போதுமான தொந்தரவு.

இதை லாக்டோஸ் செரியாமையோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அதைச் செரிக்க முடியாதவர்களில் பலர் தயிரும் கெட்டியான சீஸும் கொஞ்சம் சாப்பிடலாம்; லாக்டோஸ் நீக்கிய பாலும் குடிக்கலாம். அவர்களுக்குக் கால்சியம் கிடைக்கும் வழி முழுதாக அடைபடுவதில்லை. புரத ஒவ்வாமைக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை. பால், தயிர், வெண்ணெய், சீஸ், பால் பவுடர், பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் கேசீன், வே என்ற பால் புரதங்கள் எல்லாமே போக வேண்டும். பசும்பால் ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகளுக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது. எங்கள் குழந்தைக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று உறுதியான பிறகுதான் மருத்துவர் எனக்குச் சோயாவை அனுமதித்தார். கீழே நான் சோயா பற்றி எழுதியிருப்பதை இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சரி, எவ்வளவு வேண்டும்? 19 முதல் 50 வயது வரை ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. 50 தாண்டிய பெண்களுக்கு 1200, வளரும் பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்து 18 வரை 1300. பிரிட்டனில் பெரியவர்களுக்கு 700 போதும் என்கிறார்கள். இரண்டையும் பார்த்துவிட்டு, 700-க்குக் கீழே இறங்கக்கூடாது, 1000-ஐத் தொட முயல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

பாலூட்டும்போது இதைவிடக் கூடுதலாக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்கப் பரிந்துரையில் பாலூட்டும் பெண்ணுக்கும் அதே 1000தான். காரணம் சுவாரசியமானது. தாய்ப்பால் வழியாகத் தினமும் சுமார் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ கால்சியம் வெளியே போகிறது. அதை ஈடுகட்ட உடம்பு அம்மாவின் எலும்பிலிருந்தே எடுக்கிறது. பாலூட்டும் மாதங்களில் எலும்பின் அடர்த்தி 3 முதல் 5 சதவீதம் வரை குறையும். பால் மறக்கடித்த பிறகு அது பெரும்பாலும் தானாகவே திரும்பி வந்துவிடும். கூடுதலாகக் கால்சியம் சாப்பிட்டாலும் இந்தக் குறைவை முழுதாகத் தடுக்க முடிவதில்லை. இதைப் படித்ததும் பாதிப் பயம் போய்விட்டது. ஆனால் எலும்பு மறுபடி நிரம்பும்போது சாப்பாட்டில் கால்சியம் இல்லாவிட்டால் எதை வைத்து நிரம்பும்? மீதிப் பயம் அதனால் தங்கிவிட்டது. அது இருந்ததும் நல்லதுதான்.

உணவியல் நிபுணர் ஒருவரைப் பார்த்தேன். நான் எழுதிக்கொண்டு போயிருந்த பட்டியலில் முதலில் இருந்தது பாலக்கீரை. அவர் அதன் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, “இது நல்ல கீரைதான், ஆனா இதை கால்சியம் கணக்குல சேர்க்காதீங்க” என்றார்.

பாலக்கீரையில் கால்சியம் நிறைய இருக்கிறது. அதே இலையில் ஆக்சலேட்டும் நிறைய இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். குடல் அதை உறிஞ்ச முடியாது. ராபர்ட் ஹீனி, கோனி வீவர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களின் கடைசியில் இதை மனிதர்களிடமே அளந்து பார்த்தார்கள். பாலக்கீரையின் கால்சியத்தில் சுமார் 5 சதவீதம்தான் உடம்பில் சேர்ந்தது. பாலில் சேர்வது 30 சதவீதத்தை ஒட்டி. அரைக் கோப்பை வெந்த பாலக்கீரையில் 115 மில்லிகிராம் இருந்தாலும் கைக்கு வருவது 6 மில்லிகிராம்தான். ஒரு கோப்பைப் பாலுக்கு ஈடாக்க, அப்படிப் பதினாறு பரிமாறல் சாப்பிட வேண்டும். என்னால் முடியாது.

இன்னொரு பக்கம், முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரைகளில் ஆக்சலேட் மிகக் குறைவு. கேல், பாக் சோய், கடுகுக்கீரை, ப்ரோக்கோலி எல்லாம் அந்த வகை. இவற்றில் உள்ள கால்சியத்தில் 40 முதல் 60 சதவீதம் வரை சேர்கிறது, பாலைவிட அதிகம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ப்ரோக்கோலியின் கால்சியத்தில் 60 சதவீதம் சேரும் என்று சந்தோஷப்பட்டால், அரைக் கோப்பையில் இருப்பதே 35 மில்லிகிராம்தான். பாக் சோயில் அதே அளவுக்கு 80-ஐ ஒட்டி இருக்கிறது. அதனால் கீரை என்றால் எனக்கு பாக் சோயும் கேலும்தான் என்றாகிவிட்டது. பாலக்கீரையையும் முளைக்கீரையையும் பிடித்தபோது சாப்பிட்டேன், இரும்புக்கும் நாவுக்கும், கணக்கில் சேர்க்கவில்லை. ஆக்சலேட் உள்ள கீரையைத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் ஓரளவு குறையும். அதற்காகப் பாலக்கீரை கால்சியக் கீரையாகிவிடாது.

இந்த இடத்தில் முருங்கை இலைப் பொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘பாலைவிடப் பதினேழு மடங்கு கால்சியம்’ என்று அதன் பாக்கெட்டுகளிலேயே போட்டிருப்பார்கள். எண் பொய் இல்லை. 100 கிராம் காய்ந்த பொடியில் 2000 மில்லிகிராம் என்றும், 100 கிராம் பாலில் 120 என்றும் வைத்து வகுத்தால் அந்த விடைதான் வரும். ஆனால் பொடியை யார் 100 கிராம் சாப்பிடுவார்கள்? ஒரு தேக்கரண்டி 2 அல்லது 3 கிராம். அதில் 40 முதல் 60 மில்லிகிராம். அதில் எவ்வளவு சேரும் என்பது வேறு கதை. பச்சை இலைக்கும் ஒரு அட்டவணையில் 100 கிராமுக்கு 185 என்றும், இன்னொன்றில் 440 என்றும் போட்டிருக்கிறது. மண், இலையின் முதிர்ச்சி, அளந்த முறை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். அதனால் 100 கிராம் கணக்கை நம்பி எதையும் தீர்மானிக்கக்கூடாது. நம் தட்டில் விழும் அளவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

என் கணக்கில் பாதிக்கும் மேல் தூக்கிக் கொடுத்தது கால்சியம் சேர்த்த சோயா பானம். ‘செறிவூட்டப்பட்டது’ என்று இருக்கும் தாவரப் பானங்களில் பொதுவாக 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் கால்சியம் சேர்த்திருப்பார்கள், பசும்பாலுக்குச் சமமாக. 250 மில்லி கோப்பைக்கு 300 கிடைக்கும். கால்சியம் கார்பனேட் சேர்த்த சோயா பானத்திலிருந்து உடம்பு எடுப்பதும் பசும்பாலிலிருந்து எடுப்பதும் ஏறத்தாழ ஒன்று என்று 2005-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ட்ரைகால்சியம் பாஸ்பேட் சேர்த்ததில் கொஞ்சம் குறையும்.

இதில் எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்றை டப்பாவே காட்டிக் கொடுத்தது. முதல் கோப்பை தண்ணீர் போல வந்தது. அதே டப்பாவின் கடைசிக் கோப்பை கெட்டியாக இருந்தது, நாக்கில் மாவு போல ஒட்டியது. டப்பாவைக் கத்தரியால் வெட்டித் திறந்து பார்த்தால், அடியில் வெள்ளையாக ஒரு படலம். விரலால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி நறநறத்தது. வெளியே கொட்டவிருந்த அந்தப் படலத்தில்தான் என் கால்சியம் இருந்தது. சேர்த்த கால்சியம் பானத்தில் கரைவதில்லை, மிதக்கிறது. நிற்க வைத்தால் அடியில் தங்கிவிடும். நன்றாகக் குலுக்கிய பிறகும் சில பானங்களில் முழுதாக மேலே வராது என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் ஊற்றும் ஒவ்வொரு முறையும், மூடியை இறுக்கிப் பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்து, பத்துப் பதினைந்து தடவை குலுக்குவது வழக்கமானது. வீட்டில் மற்றவர்களும் அதைக் குடித்ததால், குலுக்காமல் ஊற்றினால் சத்தம் போட்டேன்.

டப்பாவைக் கையில் எடுக்கும்போது பார்க்க வேண்டியது முன்பக்கத்துப் படத்தை அல்ல, பின்பக்கத்துச் சத்து அட்டவணையை. கால்சியம் சேர்க்காத பாதாம் பானத்தில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் அதில் பாதாமே சில சதவீதம்தான். வீட்டில் அரைத்து வடிகட்டும் பாலும் இப்படித்தான். இயற்கை விளைபொருள் முத்திரை உள்ள பானங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த முத்திரையோடு சாதாரணமாகக் கால்சியம் சேர்க்க அனுமதி இல்லை. விலை கூடினதால் சத்தும் கூடுதல் என்று எடுத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான்.

அடுத்து டோஃபு. சோயாப் பாலை உறைய வைக்க எதைப் போட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கால்சியம் சல்ஃபேட் போட்டு உறைய வைத்தால் அரைக் கோப்பைக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கும், அதில் சேர்வதும் பாலை ஒட்டித்தான். மெக்னீசியம் குளோரைடு மட்டும் போட்டு உறைய வைத்ததில் அந்த அளவு இருக்காது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, ருசியும் அதிகம் மாறாது. பாக்கெட்டில் சேர்பொருள் வரிசையைப் படித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பிராண்டை மாற்றும்போதெல்லாம் மறுபடியும் படிக்க வேண்டும். டோஃபுவை எல்லா நாளும் சாப்பிட என்னால் ஆகவில்லை. வாரத்தில் பாதி நாள் சாப்பிட்டேன்.

எள்ளும் கேழ்வரகும் பாதாமும் துணைக்குத்தான். தோலோடு இருக்கும் எள்ளில் 100 கிராமுக்கு 975 மில்லிகிராம் என்பது கண்ணைப் பறிக்கும். ஒரு மேசைக்கரண்டி 9 கிராம், அதில் 88. அந்தக் கால்சியம் பெரும்பாலும் தோலில் இருக்கிறது, ஆக்சலேட்டும் அங்கேதான். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியமே வெகுவாகக் குறைந்துவிடும். கேழ்வரகு தானியங்களிலேயே கால்சியம் மிகுந்தது. 100 கிராமில் 350-ஐ ஒட்டி. ஆனால் தானியத்திலேயே இருக்கும் ஃபைடேட் என்ற பொருள் அதில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். முளைகட்டினாலோ புளிக்க வைத்தாலோ அது குறையும். பாதாம் ஒரு கைப்பிடிக்கு 75 தாண்டாது, அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சேரும். பாதாமைக் கால்சியத்துக்காகச் சாப்பிடுகிறேன் என்பவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. கொழுப்புச் சத்துக்காகவும் ருசிக்காகவும் சாப்பிடுங்கள், தாராளமாக.

மீன் சாப்பிடுபவர்களுக்கு வேலை எளிது. டப்பாவில் அடைத்த மத்தியை முள்ளோடு சாப்பிட்டால் 85 கிராமுக்கு 325 மில்லிகிராம் கிடைக்கும். முள்ளை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கும் போய்விடும். எலும்பு சூப்பை நம்ப வேண்டாம். எலும்பைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் கால்சியம் அவ்வளவாகக் கரைந்து வருவதில்லை.

இத்தனைக்கும் பிறகு என் நாள் ஏறத்தாழ இப்படி அமைந்தது. சோயா பானம் இரண்டு கோப்பை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று: 600. டோஃபு இருந்தால் 250. கீரை ஒரு கோப்பை, 100 முதல் 150. எள், பயறு, தானியம், மற்ற காய்கள் எல்லாம் சேர்ந்து 150 முதல் 200. டோஃபு இல்லாத நாளில் 900-ஐ ஒட்டி, இருக்கும் நாளில் 1000 தாண்டும். இதில் பானத்தை எடுத்துவிட்டால் மொத்தமும் சரிந்துவிடும். அதனால்தான் பத்து உணவுகளை நினைவில் வைத்திருப்பதைவிட, மறக்காமல் தினமும் உள்ளே போகும் இரண்டைப் பிடித்துக்கொள்வது மேல் என்கிறேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்ததற்கும் காரணம் உண்டு. ஒரே வேளையில் நிறையக் கொடுத்தால் குடல் எடுக்கும் விகிதம் குறைந்துவிடும். 500-க்கு மேல் ஒரே நேரத்தில் போடுவதில் பெரிய லாபம் இல்லை.

மாத்திரையும் போட்டேன், பயணத்தின்போதும் உடம்பு சரியில்லாத நாட்களிலும். பானத்தை நம்ப முடியாத நாட்கள் அவை. மாத்திரை அட்டையில் ‘கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.’ என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500தான். கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம், சிட்ரேட்டில் 21. கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வயிற்று அமிலம் வேண்டும் அதற்கு. எனக்கு அது மலச்சிக்கலைக் கொண்டுவந்தது. மருத்துவரிடம் சொல்லி சிட்ரேட்டுக்கு மாறினேன். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கும் சிட்ரேட்தான் பொருத்தம். பிரசவத்துக்குப் பிறகு எழுதிக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்துப் போடக்கூடாது, இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். தைராய்டுக்கு லீவோதைராக்சின் போடுபவர்கள் 4 மணி நேர இடைவெளி விட வேண்டும். சில ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதே சிக்கல் உண்டு, மருந்துக் கடையில் கேட்டால் சொல்வார்கள். கால்சியம் சேர்த்த பானத்துக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

சிறுநீரகக் கல் வந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றுவதால், அது கல்லைக் குறைக்கும் பக்கம்தான் இருக்கிறது. சாப்பாடு இல்லாமல் தனியாக மாத்திரை போடுவதில்தான் கவனம் வேண்டும். ஏற்கெனவே கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. எல்லாமும் சேர்ந்து 2500-ஐத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், 50 கடந்தவர்கள் 2000.

வைட்டமின் டி குறைவாக இருந்தால் இந்தக் கணக்கு எல்லாமே வீண். டி போதுமான அளவு இருக்கும்போது குடல் 30 முதல் 40 சதவீதம் கால்சியத்தை எடுத்தால், இல்லாதபோது 10 முதல் 15 என்று குறைகிறது. எனக்கு ரத்தத்தில் குறைவாகவே இருந்தது. மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொண்டேன். அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இங்கே எழுதவில்லை.

ரத்தப் பரிசோதனை என்றதும் இன்னொன்று. “ரத்தத்துல கால்சியம் நார்மலா இருக்கே, அப்புறம் என்ன கவலை?” என்றாள் தோழி. ரத்தத்தில் கால்சியம் எப்போதும் நார்மலாகத்தான் இருக்கும், பெரிய நோய் எதுவும் இல்லையென்றால். குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி உடனே எலும்பைத் திறந்து எடுத்து நிரப்பிவிடும். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்பதை அந்த ரிப்போர்ட் காட்டாது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன் வேண்டும், அதுவும் எல்லா வயதினருக்கும் தேவைப்படுவது இல்லை.

உப்பும் காபியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். காபியைக் குறைத்து மனம் வருந்த வேண்டாம்: ஒரு கோப்பைக்கு 2, 3 மில்லிகிராம் நஷ்டம், அவ்வளவுதான். உப்பு அப்படி அல்ல. 6 கிராம் உப்பில் இருக்கும் சோடியம் சிறுநீர் வழியாக 40 மில்லிகிராம் கால்சியத்தை இழுத்துக்கொண்டு போகிறது. 1000 சாப்பிட்டு உடம்பில் சேர்ந்ததே 300 என்னும்போது 40 சிறிய தொகை இல்லை.

தேவையில்லாமல் பயப்படுகிறேனா என்று எனக்கே தோன்றியதுண்டு. பிரிட்டனின் எபிக்-ஆக்ஸ்போர்டு ஆய்வைப் படித்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. விலங்குப் பொருளே சாப்பிடாதவர்களுக்கு எலும்பு முறிவு 30 சதவீதம் அதிகம் என்று 2007-இல் சொன்னார்கள். அவர்களிலேயே தினமும் 525 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் எடுத்தவர்களிடம் அந்த வித்தியாசம் காணவில்லை. சுமார் 55,000 பேரை நீண்ட காலம் தொடர்ந்த பிறகு 2020-இல் வந்த முடிவு இன்னும் கண்டிப்பானது: மொத்த முறிவு 43 சதவீதம் அதிகம், இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல். இதில் கால்சியம் மட்டும் காரணம் இல்லை. உடல் எடை குறைவாக இருப்பதும் புரதம் போதாமையும் சேர்ந்திருக்கின்றன. சோயா பானத்தையும் டோஃபுவையும் நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அவற்றின் புரதமும் ஒரு காரணம்.

குழந்தையின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயது வரை தாய்ப்பாலோ மருத்துவர் சொல்லும் தனி ஃபார்முலாவோதான் கால்சியத்துக்கு வழி. தாவரப் பானத்தை முதன்மைப் பாலாகக் கொடுக்கக் கூடாது. ஒன்று முதல் மூன்று வயதுக்கு 700 மில்லிகிராம் வேண்டும். அந்த வயதில் ஓட்ஸ், பாதாம் பானங்களில் புரதம் போதாது. அரிசிப் பானத்தை ஐந்து வயது வரை தவிர்க்கச் சொல்கிறது பிரிட்டன், அதில் இருக்கும் ஆர்சனிக்கால். எங்கள் குழந்தைக்கு மெல்ல மெல்லப் பால் ஒத்துக்கொள்ள ஆரம்பித்தது, பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான். முதலில் மாவோடு நன்றாக வெந்த பண்டத்தில் சிறிதளவு பால், அது ஒத்துக்கொண்டால் அடுத்த படி என்று மருத்துவர் சொன்ன வரிசையில் போனோம். எந்தப் படியில் எப்போது ஏறுவது என்பதை மட்டும் நாமாகத் தீர்மானிக்கக் கூடாது, முன்பு கடுமையான எதிர்வினை வந்த குழந்தை என்றால் வீட்டில் வைத்துத் தொடங்கவே கூடாது.